வீட்டுக்காரருக்கு ஓர் இடம்

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி யாருக்கும் பயப்படப் போவதில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆட்டம் நடந்தே தீரும். யார் தடுத்தாலும் சரி.

தடுக்கக்கூடியவர் ஒரே ஒருத்தர்தான். அவர் பக்கத்து அறையில் இருந்தார். அதனால் முடிவைச் சத்தம் போடாமல்தான் எடுத்தேன்.

ஆட்டம் என்றதும் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெரிய அட்டை. அதில் ஐந்து நாடுகள், மலை, ஆறு, துறைமுகம். ஆளுக்கு நாற்பது காய்கள். பகடையை உருட்டி, காயை நகர்த்தி, எதிரியின் காயை வெட்டி நாட்டைப் பிடிக்க வேண்டும். விதிப்புத்தகம் நாற்பத்தெட்டுப் பக்கம். அதில் வரும் ஒரு காற்புள்ளிக்காக நாங்கள் முக்கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு போர் முடிய நாலு வாரம் ஆகும். அதுவரை அட்டையை யாரும் அசைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மேஜை ஒன்றுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

ஆடுகிறவர்கள் ஐந்து பேர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். அப்புறம் பல் டாக்டரம்மா, கணக்கு சார், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற லிஃப்ட்காரர், என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். லிஃப்ட்காரருக்கு மனைவி தவறி இரண்டு வருஷமாகிறது. வாரம் முழுக்க அவர் பேசுவது "மேலேயா, கீழேயா" என்ற இரண்டு சொல்தான். சனிக்கிழமை எங்களோடு உட்கார்ந்தால் மூன்றாவது சொல் வரும். நானும் நாள் பூரா அடுத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டியதையே பார்த்துக்கொண்டிருக்கிறவன். வாரத்தில் மூன்று மணி நேரமாவது என் கண்ணுக்குப் பிடித்ததைப் பார்க்க வேண்டாமா? அந்த மூன்று மணி நேரம் இல்லையென்றால் எனக்கு ஏழு நாளும் திங்கட்கிழமைதான்.

என் மனைவி ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறாள். கட்டுக் கட்டாகத் தாள் வரும், சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். அவளுக்கும் அதே மேஜைதான். நாங்கள் போரில் இருக்கும் வாரங்களில் கட்டிலில் ஒரு பலகையை வைத்துக் குனிந்து திருத்துவாள். நான் அதைக் கவனித்ததில்லை. எதிரியின் குதிரைப்படை எங்கே நிற்கிறது என்று மட்டும் சரியாகத் தெரியும்.

ஒரு தடவை டீ கொண்டுவந்து வைத்தவள் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் ஒரு ஆட்டம் ஆடட்டுமா?" என்றாள்.

"அஞ்சு பேர்தான் ஆட முடியும். பெட்டியிலேயே போட்டிருக்கு" என்றேன். நிஜமாகவே போட்டிருந்தது. "வீட்டுல சும்மாதானே இருக்கே, உட்கார்ந்து பாரேன்" என்றும் சொன்னேன். எனக்குக் கொஞ்சம் பெரிய மனசு.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். வீரத்தோடு வாய் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தால், அவள் சமையலறையிலிருந்து குக்கரைத் தூக்கி வந்து என் தலைநகரத்தின் மேல் வைத்தாள்.

"ஐயோ! அது என் தலைநகரம்!"

"கை சுடுது. உங்க ராஜாவைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

"நாலு வாரப் போர் அது!"

"நாலு வாரமா மடியில தட்டு வச்சுச் சாப்பிடறோமே, அதுக்குப் பேர் என்ன?"

"தியாகம்."

"யாரோட தியாகம்?"

பிழை திருத்துகிறவளிடம் பாதி வாக்கியம் பேசக் கூடாது.

"இனிமே இந்த மேஜையில சாப்பாடும் என் தாளும் மட்டும்தான். ஆட்டத்துக்கு வேற இடம் பாருங்க."

"வேற இடத்துக்கு எங்கே போவேன்?"

"உங்களுக்குத்தான் அஞ்சு நாடு இருக்கே."

அன்றிலிருந்து இடம் தேடி நாயாய் அலைந்தோம். டியூஷன் சென்டர் ஒன்றில் கேட்டோம். அவர்கள் சொன்ன வாடகைக்கு நிஜமாகவே ஒரு நாட்டைப் பிடித்துவிடலாம். பல் டாக்டரம்மா தன் கிளினிக்கின் வெளியறையைத் திறந்துவிட்டார். கதவு திறந்திருப்பதைப் பார்த்து, வீங்கின கன்னத்தோடு ஒருத்தர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனாவது நம்பர் போகுது?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆட்டம் நடக்குதுங்க" என்றேன்.

"எனக்கும் பல்தான் ஆட்டம்" என்றார்.

டாக்டரம்மா எழுந்து போய் அவர் பல்லைப் பிடுங்கிவிட்டு வருவதற்குள், என் மச்சான் டாக்டரம்மாவின் இரண்டு துறைமுகங்களைப் பிடுங்கிவிட்டான். அதோடு கிளினிக் மூடப்பட்டது.

அடுத்தது லிஃப்ட்காரர் ஏற்பாடு. அடுக்குமாடி ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறை. வாடகை இல்லை, காற்று வரும், யாரும் வர மாட்டார்கள். ஆனால் கீழே யாராவது பொத்தானை அமுக்கினால் மோட்டார் உறுமும். நாங்கள் ஆடியதைவிட அட்டைதான் அதிகம் ஆடியது. மூன்றாம் மாடி அம்மா பால் வாங்கக் கீழே இறங்கினார், என் குதிரைப்படை முழுதும் கடலில் இறங்கியது.

கடைசியாக சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். படியில் ஓர் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"உங்க வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருவாருங்க?"

"என் வீட்டுக்காரர் உள்ளேதான் தூங்கறார். நான் சொல்றது வீட்டுக்கு வீட்டுக்காரர்."

அந்த வீட்டுக்கு வீட்டுக்காரரும் இடம் தரவில்லை. ஐந்து பேர், பகடை, கதவைச் சாத்திக்கொள்வோம் என்றால் எவர்தான் தருவார்? அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. கணக்கு சார் போன் செய்து, "குழுவைக் கலைச்சுடலாமாப்பா?" என்று கேட்டார். லிஃப்ட்காரருக்கு நானே போன் செய்தேன். "ம்" என்றார். பழையபடி இரண்டு சொல்லுக்குப் போய்விட்டார், அதிலும் ஒன்று குறைந்துவிட்டது. எனக்கு மனசே சரியில்லை.

அப்போதுதான் காய் நகர்த்தினேன். எங்கள் வீட்டில் பின்னறை ஒன்று உண்டு. பதினோரு வருஷமாக "உதவும், உதவும்" என்று நான் சேர்த்த சாமான்கள் அதில் கூரை வரை கிடந்தன. அந்த அறையை அவள் வாயாலேயே தரவைக்க வேண்டும். நேரே கேட்டால், "முதல்ல அதைக் காலி பண்ணுங்க" என்பாள். பதினோரு வருஷமாக அதைத்தான் சொல்கிறாள்.

கட்டில் பலகையில் குனிந்து திருத்திக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். முதலில் சைக்கிள் கடை மாடிக் கதையைச் சொன்னேன். உதட்டோரம் சிரித்தாள். நல்ல சகுனம் என்று நினைத்துத் தொடங்கினேன்.

"ஒரு வழியா இடம் கிடைச்சுடுச்சு. ஊருக்கு வெளியே. மூணு பஸ் மாறணும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் போயிடுவேன். நீதான் தனியா இருக்கணும். பாவம்."

"அப்படியா? நல்லதாப் போச்சு. ரெண்டு கட்டுத் தாள் முடிச்சுடுவேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"பயமா இருக்காதா?"

"எந்த பஸ்?"

"மூணாம் நம்பர்."

"அது ஊருக்கு வெளியே போறதே இல்லையே." சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். "பொய்யிலகூடவா பிழை விடுவாங்க? பின்னறை வேணும்னு வாயைத் திறந்து கேட்டா என்ன?"

வாயைத் திறந்தேன். "வேணும்" என்றேன்.

"எடுத்துக்குங்க. காலி பண்ணுங்க. பகல்ல அங்கே என் தாள் இருக்கும். சனிக்கிழமை நாலுலேருந்து ஏழு வரைக்கும் ஆட்டம். வாய் வார்த்தையா வேண்டாம், விதி எழுதித் தரேன். அஞ்சு பேரும் கையெழுத்துப் போடணும்."

எப்படி? பொய் பிடிபட்டால் என்ன, அறை கிடைத்துவிட்டதே! சமையலறைக்குப் போய் எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

இரண்டு சனிக்கிழமை ஐந்து பேரும் முதுகொடிய உழைத்தோம். இறக்கை இல்லாத மின்விசிறி மூன்று, பிடி போன சூட்கேஸ், காலிக் கண்ணாடி டப்பாக்கள் என்று ஒரு வண்டி போயிற்று. பழைய கதவு ஒன்று மேஜையாயிற்று. பல் டாக்டரம்மா ஐந்து நாற்காலி கொடுத்தார். மச்சான் வெள்ளை அடித்தான், பாதியைச் சுவரில் அடித்தான். அட்டையை அசைக்காமல் எடுத்து வைப்பது எப்படி என்ற கேள்விக்கு லிஃப்ட்காரர் பதில் கண்டுபிடித்தார். அடியில் ஒரு பலகை, நாலு கயிறு, கூரையில் நாலு கப்பி. இழுத்தால் ஐந்து நாடும் காய்களோடு சேர்ந்து ஆடாமல் அசையாமல் தலைக்கு மேலே போய் நின்றுவிடும். கீழே அவள் தாள் திருத்தலாம். "மேலே!" என்று சொல்லி அவர் கயிற்றை இழுத்தபோது, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

விதித்தாள் ஒரே பக்கம்தான். நாற்பத்தெட்டுப் பக்கத்தைக் கரைத்துக் குடித்த எங்களுக்கு ஒரு பக்கம் எம்மாத்திரம்? பரபரவென்று ஓட்டினேன். முதல் மூன்று விதியும் செருப்பு, சத்தம், விளக்கு பற்றியவை. நாலாவது என் மனசைத் தொட்டது. "ஐந்து இடங்களில் ஒன்று வீட்டுக்காரருக்கு. அதை வேறு யாரும் கேட்கக் கூடாது." என்னே மரியாதை! ஐந்தாவது இன்னும் அருமை. "அறைக்கு வாடகை இல்லை. அதற்குப் பதில், ஆட்ட நேரத்தில் காய் வெட்டுவது முதலிய சமையலறை வேலைகளை வீட்டில் சும்மா இருப்பவர் பார்த்துக்கொள்வார்." எப்போதும் பார்த்துக்கொள்கிறவள்தானே, இதற்கு எழுத்து எதற்கு என்று நினைத்தேன். பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்களும் போட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை. முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, பகடையைக் குலுக்கிக்கொண்டே பின்னறைக்குள் நுழைந்தேன். நாடுகள் கீழே இறங்கியிருந்தன. ஐந்து நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஜன்னலோரம் என் நாற்காலியில் என் மனைவி. சிவப்புப் பேனா கொண்டையில் இருந்தது.

"அது என் இடம்" என்றேன்.

"நாலாவது விதி என்ன சொல்லுது?"

"வீட்டுக்காரருக்கு ஓர் இடம். நான்தானே உன் வீட்டுக்காரர்?"

"எனக்கு வீட்டுக்காரர். வீட்டுக்கு வீட்டுக்காரர் யாரு? வரி ரசீது யார் பேர்ல வருது?"

எனக்கு சைக்கிள் கடைப் படி கண்ணுக்குள் வந்து போயிற்று. அந்தக் கதையை அவளிடம் சொன்ன வாய் இதே வாய்தான்.

"எங்கப்பா வீட்டை இவ பேர்லதானே எழுதி வச்சார், மாப்ளே!" என்றான் மச்சான். இதைச் சொல்வதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கணக்கு சாரிடம் திரும்பினேன். "சார், காற்புள்ளியைக்கூட விடாதவராச்சே நீங்க. இதைப் படிக்கலையா?"

"படிச்சேனே. தெளிவாத்தான் இருந்தது."

"ஏன் சொல்லலே?"

"எதிராளிக்கு விதியை விளக்கறது ஆட்டத்துல வழக்கமில்லையேப்பா."

"சரி, ஆறாவதா நானும் ஒரு ஓரத்துல…"

"அஞ்சு பேர்தான் ஆட முடியும்" என்றாள் என் மனைவி. "பெட்டியிலேயே போட்டிருக்கு."

அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யார் சொன்னது என்று ஞாபகம் வந்ததும் காது சூடாகிவிட்டது. வீறாப்பை விட்டேன்.

"சரி சரி. நான் இப்படி சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்."

நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். பல் டாக்டரம்மா, மயக்க ஊசி போடுகிற குரலில் சொன்னார்: "சும்மாவா? அப்ப அஞ்சாவது விதி வந்துடுமே!"

சமையலறையில் பீன்ஸும் கேரட்டும் எடுத்து வைத்திருந்தாள். பலகை, கத்தி, பாத்திரம் எல்லாம் தயார். முன்கூட்டியே திட்டமிட்டிருக்கிறாள்! உட்கார்ந்து வெட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பகடை உருண்டது. யாரோ கத்தினார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. இத்தனை வருஷமும் நாங்கள் அந்தப் பக்கம் சிரித்தபோது, அவள் இந்தப் பக்கம் இதே பலகையின் முன்னால்தானே உட்கார்ந்திருப்பாள்? அந்தச் சத்தம் இங்கே இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே.

குழு பிழைத்துவிட்டது. லிஃப்ட்காரர் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் தேடியது இதைத்தான், இதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த கேரட்டை எடுத்தேன்.

"என்னங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எத்தனை காய் வெட்டினீங்க?"

"ரெண்டு" என்றேன்.

"நான் பன்னிரண்டு!"