ஏழுமலையான் காசு கறுத்த விஷயம்

அன்புள்ள பிரித்திகா அக்காவுக்கு,

நகரியிலிருந்து தங்கை ஹரிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான், தறி எல்லாரும் நலம். உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. அதைத்தான் நைனா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போனில் உன் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் நீ திருப்பதியிலிருந்து வந்து, டம்ளர் தண்ணீரில் இரண்டு பென்சில் கரியை நட்டு, மூன்று பேட்டரியை மாட்டிக் குமிழி வரவழைத்தாயே, அன்று பிடித்தது சனி. "தண்ணிய ஒடைச்சா ஹைட்ரஜன் வரும் சித்தப்பா. ஒடைக்கத்தான் கரண்ட்டு ஜாஸ்தி துன்னுது. அத்தக் கொறைக்கத்தான் நாங்க படிக்கிறோம். கரிக்குப் பதிலா நிக்கல் வெச்சா கொறையும்" என்றாய். கரண்ட் பில்லுக்குப் பயந்து தறியை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் நைனா உருகிவிட்டார். உன் ஆராய்ச்சி ஜெயிக்க, தான் பத்திரமாக வைத்திருந்த பழைய ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டார். "அட, இதுவும் நிக்கல் காசுதான்" என்று நீ சிரித்தாய். எட்டாம் வகுப்போடு நின்று தினமும் நூல் சுற்றும் எனக்காக நைனா ஒரு சட்டைப் பொத்தானைக்கூட முடிந்ததில்லை.

வயிறு எரிந்தது அக்கா. எரிந்த வயிற்றோடு நானும் டம்ளரை எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டவள் வீட்டில் பென்சில் ஏது? சாமி முடிச்சை அவிழ்த்தேன். துணி துவைக்கிற சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பக்கம் காசு, ஒரு பக்கம் ஸ்பூன், டார்ச்சிலிருந்து பிடுங்கிய இரண்டே பேட்டரி. குமிழி வந்தது பார், கோலி சோடா உடைத்த மாதிரி! அந்தச் சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு நூல் சுற்றப் போய்விட்டேன். வந்து பார்த்தால் ஏழுமலையான் காசு கன்னங்கரேலென்று கிடக்கிறது. புளி போட்டேன், சாம்பல் போட்டேன், பல்பொடியும் போட்டேன். ஸ்பூன்தான் பளபளக்கிறது.

சனிக்கிழமை நைனா மலை ஏறுகிறார். கறுத்த காசைப் பார்த்தால் உன் படிப்புக்கு அபசகுனம் என்று இடிந்துபோவார். என்னோடு இருக்கிற கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுவிடும். உன் ஆராய்ச்சி நாசமாகட்டும் என்று நான் வேண்டியது உண்மைதான், ஆனால் இந்த வழியில் இல்லை. கறை போக உடனே ஒரு வழி சொல். இனி டம்ளரைத் தொட மாட்டேன், பொறாமையும் படமாட்டேன்.

பெரியப்பா பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். மலையப்பன் உனக்கு எல்லாம் கொடுக்கட்டும், ஏற்கெனவே கொடுத்தது போக.

இப்படிக்கு,
உன் தங்கை ஹரிதா

பின்குறிப்பு: வழி சொல்ல வேண்டாம். தாளை மடிப்பதற்குள் நைனா வந்து டம்ளரைப் பார்த்துவிட்டார். அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். "சாமியே கறுப்பு. காசு கறுத்தா இன்னா?" என்றார். அப்புறம், "அவளுக்கு எத்தினி பேட்டரி?" என்று கேட்டார்.

"மூணு."

"உனுக்கு?"

"ரெண்டு, நைனா."

"அப்ப ஒரு பேட்டரி கரண்ட்டு மிச்சம்" என்று இன்னொரு காசை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தார். என் பேருக்கு. என் துணி உன் துணியைவிட இரண்டு விரல் பெரியது. அளந்து பார்த்துவிட்டேன்.