சந்தை கேட்ட முதலை

"ஆட்டுக்குட்டி சர்வதேசச் சந்தையில் எடுபடாது. முதலையாக மாற்றவும்" என்று மெயில் வந்திருந்தது.

ஷாஹிதா அருள்புரம் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சட்டை வாங்கும் வெளிநாட்டுப் பையர் காலரை அரை இஞ்ச் குறைக்கச் சொன்னால், சாயங்காலத்துக்குள் புது சாம்பிள் போக வேண்டும். ஏன் என்று கேட்கிற வழக்கமில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் அனுப்பிய சட்டைகளின் கழுத்தில் யார் யாருடைய பெயரோ இருந்தது. ஒரு புத்தக அட்டையிலாவது தன் பெயர் வரட்டும் என்றுதான், மழையில் நனைந்த ஆட்டுக்குட்டிக்குச் சட்டை கிடைக்கும் படக்கதையை எழுதினாள். அதைப் பதிப்பகங்களிடம் கொண்டுசேர்க்கக் கோவையில் முருகேஷ் என்ற இலக்கிய ஏஜென்ட்டையும் பிடித்தாள். மெயிலின் அடியில் அவருடைய பட்டங்கள் கதையைவிட நீளம்.

"தண்ணியிலயே கெடக்குற முதலை மழையில நனைஞ்சா என்னம்மா?" என்றான் கணவன் ஜமால்.

"பையர் கமெண்ட்டுங்க. எதுத்துப் பேச முடியுமா?"

முதலையைத் தரைக்கு இழுத்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் நனைய விட்டாள்.

"பள்ளிக்கூடம் வேண்டவே வேண்டாம். வாசகர்கள் கொதித்துப்போவார்கள்" என்றது அடுத்த மெயில்.

முதலைக்குக் காய்ச்சல் வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

"ஊசியை உடனே நீக்கவும். சந்தை அழுதுவிடும்."

நீக்கினாள். "ஐஸ்கிரீம் சேர்க்கவும். உலகளாவிய தேவை இருக்கிறது." சேர்த்தாள்.

ஜமால் படித்துப் பார்த்தான். "முதலை சட்டை போட்டுட்டு ஐஸ்கிரீம் திங்குது. சரி. இதுல நீ எங்கம்மா இருக்கே?"

ஷாஹிதா கதையை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கதைய அவர்கிட்ட இருந்து திருப்பி வாங்கிக்கறேன்."

"ஏஜென்ட் போயிருவாரே?"

"போகட்டுங்க."

பன்னிரண்டு வருடத்தில் யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவள், அந்த ஒரு வார்த்தையைத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு முறை ஒத்திகை பார்த்து, முருகேஷின் நம்பரை அழுத்தினாள்.

"சார், அருள்புரம் ஷாஹிதாங்க. இனிமே என்னால மாத்த முடி..."

"அப்பா குளிக்கிறாருங்க" என்றது ஒரு குட்டிக் குரல். "நான் நித்யஸ்ரீ, யூகேஜி. அப்பா கதை படிச்சுக் காட்டுவாரு, நான் சொல்றதத்தான் உங்களுக்கு மெயில் போடுவாரு. ஆன்ட்டி, நாலு தடவ மாத்தச் சொல்லியும் நீங்க மட்டுந்தான் என்னைத் திட்டவே இல்லீங்க, அதனால உங்க புக்கைத்தான் போடணும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."