எண்பதில் நின்ற முள்

என்னைப் போலவே வேன் ஓட்டும் பிரின்ஸ்டனின் வண்டி குளத்தூர் ரோட்டில் இன்ஜின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே நான் முடிவெடுத்துவிட்டேன். என் வேனுக்கு இரண்டு மீட்டர் வைப்பது. ஆயில் பிரஷருக்கு ஒன்று, இன்ஜின் சூட்டுக்கு ஒன்று. யார் தடுத்தாலும் வைப்பது.

யார் தடுப்பார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜெயஷீலாதான். என் மனைவி.

என் வேனுக்கு வயது இருபத்து நான்கு. எங்கள் கல்யாணத்துக்கு இருபத்து மூன்று. இரண்டில் வேன்தான் நான் திருப்பின பக்கம் திரும்பும். தினமும் விடிந்ததும் கோவில்பட்டியிலிருந்து காலி வண்டியாகப் பசுவந்தனைக்குப் போவேன். அங்கே ஆரம்பித்து வழியெல்லாம் நின்று, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு வரும் பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். எட்டரைக்குள் அவர்களைக் கேட்டில் இறக்கிவிட வேண்டும். எட்டு முப்பத்தைந்துக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிவிட்டால் பதினாறு பேருக்கும் அரைநாள் வேலை போச்சு. எங்கள் வீட்டுச் சோறு அடுப்பில் வேகவில்லை, அந்த இன்ஜினுக்குள்தான் வேகிறது.

அப்பேர்ப்பட்ட இன்ஜினுக்கு ஆயிலைப் பற்றிச் சொல்ல இருந்தது ஒரே ஒரு சிவப்பு விளக்கு. பிரின்ஸ்டன் வண்டியிலும் அதேதான்.

"வெளக்கு எரிஞ்சதப் பாத்தேன் அண்ணாச்சி. என்னன்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கதுக்குள்ள இன்ஜின் பிடிச்சிட்டு" என்றான் அவன்.

அப்படியானால் அது எச்சரிக்கை விளக்கு இல்லை. அஞ்சலி விளக்கு. இன்ஜினுக்கு ஆயில் போனால் ஆயுள் போச்சு. அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

"மீட்டரா? உங்களுக்கா?" என்றாள் ஜெயஷீலா.

"எனக்கில்ல, வேனுக்கு."

"பாக்கப்போறது நீங்கதான? கரண்டு மீட்டர் சுத்துததப் பாத்துட்டு வாசல்ல அரைமணி நேரம் நிக்கிற ஆளு நீங்க. குக்கர்ல மூணாவது விசில் வர லேட்டானா அடுப்படிக்கு ஓடி வாரீங்க. போன்ல சார்ஜ் நாப்பதுக்குக் கீழ போனா முகம் கறுத்துருது. உங்களுக்கு முள்ளு இருக்கிற எதையும் வாங்கிக் குடுக்கக் கூடாது."

"பிரின்ஸ்டனுக்கு ஆனது நமக்கு ஆனா?"

"பிரின்ஸ்டன் ஆயில் மாத்தி ஒன்றர வருசம் ஆச்சாம். அவன் பொண்டாட்டியே சொல்லுதா. நீங்க மாசாமாசம் மாத்துதீங்க. பழைய ஆயிலே புதுசா இருக்குன்னு திருப்பதி சிரிக்கான்."

திருப்பதி எங்கள் மெக்கானிக். பைபாஸ் பக்கம் பட்டறை. மறுநாளே அவனிடம் போனேன். ஜெயஷீலாவுக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் சரி என்றான். சரி என்ற வேகத்திலேயே எனக்கு லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒருநாள் வேலை. விளக்குக்கு ஒயர் போகிற இடத்தில் ஒரு கிளை வைத்து, விளக்கும் இருக்கும்படி ஆயில் மீட்டருக்கும் ஒயர் எடுத்தான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயருகே இன்னொன்று. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சிவப்பு முள். விமானம் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் காலை விமானம் கிளம்பியது.

சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ஆயில் முள் நாலு கிலோ பிரஷரில் நின்றது. எனக்கு ஆனந்தம். ஊரைத் தாண்டுவதற்குள் மூன்றரைக்கு வந்தது. ஆனந்தத்தில் அரை கிலோ குறைந்தது. பசுவந்தனையில் பெண்கள் ஏறுகிற நேரம் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தபோது முள் ஒன்றரைக்கு இறங்கியது. மீட்டரில் இறங்கிய முள் என் நெஞ்சில் ஏறியது. இன்ஜினை அணைத்துவிட்டுத் திருப்பதிக்குப் போன் போட்டேன்.

"சூடான இன்ஜின் சும்மா ஓடுதப்ப அப்படித்தான் அண்ணாச்சி எறங்கும். நல்ல இன்ஜின். நீங்க வாங்க" என்றான்.

கிளம்பினேன். இப்போது ஆயில் முள் ஒழுங்காக நின்றது. சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. எண்பது. எண்பத்தைந்து. இரண்டு பக்கமும் மரமே இல்லாத கரிசல் காடு. வெயில் ஏழரைக்கே எட்டிப் பார்க்கிறது. எண்பத்தெட்டில் நிறுத்தினேன். பானட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜின் என்னைப் பார்த்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கிளம்பினேன். மூன்று கிலோமீட்டரில் மறுபடி நிறுத்தினேன்.

கேட்டுக்குப் போனபோது எட்டு நாற்பது. பூட்டியிருந்தது.

"ரோட்டுல ஆட்டு மந்தை" என்றேன் ஜெயஷீலாவிடம்.

"பதினாறு பேரும் எனக்குப் போன் பண்ணிட்டாவ. ஆடு எதுவும் பாக்கலங்காவ" என்றாள். அப்புறம் வேனை எட்டிப் பார்த்தாள். இரண்டு மீட்டர்களையும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்து மூன்று வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது நல்ல அறிகுறி இல்லை.

அந்த வாரத்தில் மூன்று நாள் கேட் பூட்டியாகிவிட்டது. சனிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எபநேசர், அடுத்த வாரமும் இப்படின்னா நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன். எனக்கு வேற வழியில்ல."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஜெயஷீலா தண்ணீர் கொடுத்தாள்.

"மீட்டரக் கழட்டிப் போட்டுருவோமா?" என்றாள் மெதுவாக.

"பாக்காம ஓட்டுனா இன்னும் பயமா இருக்கும், ஜெயா. இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே தெரியாத மாதிரி ஓட்ட முடியாது."

அவள் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சரி விடுங்க. நாளைக்குத் தூத்துக்குடில எங்க சித்தியப் போய்ப் பாத்துட்டு வாங்க. உடம்பு ரொம்ப முடியலயாம். பஸ்ஸுலயே போங்க. வேனு இங்கனயே கெடக்கட்டும்."

போனேன். சித்தி வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தார். "ஒடம்புக்கா? எனக்கா?" என்றார். மீன் குழம்பு வைத்து, இரண்டு தடவை சோறு போட்டு அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை ஓர் அற்புதம் நடந்தது. சாவியைத் திருப்பினேன். சூட்டு முள் எண்பதுக்கு வந்தது. ஆயில் முள் மூன்று கிலோவுக்கு வந்தது. வந்தது, நின்றது. பசுவந்தனையில் நின்றது. மேட்டில் நின்றது. இன்ஜின் சும்மா ஓடும்போதும் நின்றது. கேட்டில் எட்டு இருபதுக்கு நான் நின்றேன்.

"ஜெயா, அந்த இன்ஜின் இப்ப செட்டாயிட்டு. சாவியத் திருப்பினதுமே பிரஷர் வந்துருது. ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், அதுக்கு முன்னாடியே மூணு கிலோ."

"நல்ல இன்ஜின்" என்றாள்.

"சூடும் அப்படித்தான். காலையில பச்சத்தண்ணி மாதிரி இருக்கிற வண்டி, சாவி போட்டதும் எண்பது. அதுக்கு மேல ஒரு டிகிரி ஏறல."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.

ஐந்து வாரம் நான் ராஜா. பிரின்ஸ்டனைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன். அவன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். ஒரே ஒரு தொல்லை இசக்கியம்மாள். என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருடமாக மெழுகுச் சட்டியின் சூடு பார்க்கிற வேலை. நல்ல மனுஷிதான். ஆனால் திடீர் திடீரென்று வண்டியை நிறுத்தச் சொல்வாள்.

"அண்ணாச்சி, அந்தக் கடையில ஒரு டீ குடிச்சுட்டுப் போவமா?"

"இப்பவா?"

"தல வலிக்கி. அஞ்சு நிமிசம். இன்ஜின அமத்திப் போடுங்க, சத்தம் ஆகல."

வாரத்தில் ஒரு தடவை, வெயில் ரொம்ப அடித்தால் இரண்டு தடவை தலை வலிக்கும். எப்படியும் கேட்டுக்கு நேரத்தோடு போய்விடுவதால் நானும் நிறுத்திவிடுவேன். என் சீட்டின் முதுகில் அவளுடைய மஞ்சள் பை எப்போதும் தொங்கும். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. டிரைவருக்குப் பின்பக்கம் என்ன வேலை?

மே மாதம் ஒரு சாயந்திரம். பெண்களைத் திரும்பக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். எதிர்க்காற்று அனலாக அடித்தது. பின்னாலிருந்து இசக்கியம்மாளின் குரல்.

"அண்ணாச்சி, ஓரமா நிப்பாட்டுங்க."

"இங்கன டீக்கடையே இல்லையே."

"டீ வேண்டாம். நிப்பாட்டி இன்ஜின அமத்துங்க."

"எதுக்கு?"

"வண்டி கொதிக்கி."

நான் மீட்டரைப் பார்த்தேன். எண்பது. முள் ஆணி அடித்தது போல நின்றது.

"எண்பதுதான் காட்டுது, இசக்கி."

"அது எண்பதுதான் அண்ணாச்சி காட்டும். நீங்க அமத்துங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்கு என் கை தானாகச் சாவியைத் திருப்பிவிட்டது. இறங்கி பானட்டைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர்க் குழாய் கிழிந்து தண்ணீர் முழுவதும் ரோட்டில் போயிருந்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பிரின்ஸ்டனுக்கும் எனக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. ரோட்டோரம் உட்கார்ந்தேன். கொஞ்சம் சுதாரித்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"இசக்கி, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பதினாறு பெண்களும் கரிசல் காட்டைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பருத்தி எடுத்து மாதக்கணக்காகிவிட்டது.

நான் எழுந்து பின்பக்கம் ஏறினேன். மஞ்சள் பையைத் தூக்கினேன். என் சீட்டின் முதுகில் இரண்டு வட்டக் கண்ணாடிகள். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சிவப்பு முள். பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் எடுத்திருந்ததால், இன்ஜினை அணைத்த பிறகும் சூட்டு முள் நூற்றுப் பத்தைத் தாண்டி நின்றது.

"நீங்க தூத்துக்குடி போன அன்னைக்கு ஜெயா அக்கா திருப்பதிய வச்சு மாட்டுனது. அக்காதான் சொன்னாவ" என்றாள் இசக்கியம்மாள். "முன்னால இருக்கது அண்ணாச்சி மனசுக்கு, பின்னால இருக்கது இன்ஜினுக்குன்னு. நான்தான் சூடு பாக்கிற ஆளாச்சே. தொண்ணூத்தஞ்சத் தாண்டுனா தலவலி வரணும்னு ஏற்பாடு."

திருப்பதி வந்து குழாயை மாற்றினான். என் முகத்தைப் பார்க்காமலே மாற்றினான். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெயஷீலா முன்னால் நின்றேன்.

"அஞ்சு வாரம் நான் பொம்மையப் பாத்து ஓட்டியிருக்கேன்."

"அஞ்சு வாரம் நேரத்துக்குப் போயிருக்கீங்க. இன்ஜினும் தப்பிச்சிட்டு. சாப்பிடுதீங்களா?"

"உங்க சித்திக்கு ஒடம்பு முடியலன்னியே."

"அவியளுக்கு மீன் கொழம்பு வச்சாச் சாப்பிட ஆளில்லன்னு வருத்தம். அதுவும் சீக்குதான்."

"இங்க பாரு ஜெயா. டிரைவர் நான். மீட்டர் என் முன்னாலதான் இருக்கணும். நெசமான மீட்டர். பொம்பளைங்க தலவலியப் பாத்துக்கிட்டா நான் வண்டி ஓட்டணும்? ஊர் தெரிஞ்சா என்ன சொல்லும்?"

சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சொல்லுததும் நியாயம்தான். திங்கக்கிழம போய் மாத்திக்கிடுங்க."

இருபத்து மூன்று வருடத்தில் அவள் வாயால் 'நியாயம்' என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை திருப்பதி பத்தே நிமிடத்தில் முன் மீட்டர்களுக்கு உயிர் கொடுத்தான். அன்று சாயந்திரம் சூட்டு முள் எண்பத்தொன்பது. நான் இரண்டு தடவை நிறுத்தினேன். செவ்வாய் காலை ஆயில் முள் ஒன்று புள்ளி நாலு. கேட்டுக்கு எட்டு முப்பத்து நாலுக்குப் போனேன். பெண்கள் ஓடினார்கள். ஒருத்தியின் தூக்குச்சட்டி கீழே விழுந்து உருண்டது. புதன்கிழமை எட்டு முப்பத்தெட்டு. பூட்டிய கேட்டின் முன்னால் பதினாறு பேரும் வெயிலில் நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. இசக்கியம்மாள் மட்டும், "தலவலியே பரவாயில்ல அண்ணாச்சி" என்றாள்.

வீட்டில் ஜெயஷீலா எதுவுமே கேட்கவில்லை. ரசம் ஊற்றினாள். அப்பளம் வைத்தாள். முள் எங்கே நிற்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த நாள் பெண்களை இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் மனசோடு மல்லுக்கட்டிய பிறகு திருப்பதி பட்டறைக்குப் போனேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"திருப்பதி, பழைய மாதிரியே ஆக்கிரு. முன்னால எண்பது, மூணு கிலோ. நெசமானது பின்னால போயிரட்டும். ஆனா அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது. இசக்கிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

திருப்பதி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"பின்னால போற ஒயர நான் வெட்டவே இல்ல அண்ணாச்சி. சும்மா கழட்டி மடிச்சுத்தான் வச்சிருக்கேன். மாட்ட ரெண்டு நிமிசம்."

"ஏன் வெட்டல?"

"திங்கக்கிழம நீங்க வரதுக்கு முன்னாடியே அக்கா போன் பண்ணிட்டாவ. 'வெட்டிராத திருப்பதி, வியாழக்கிழம மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள இவிய திரும்ப வருவாவ'ன்னு."

அன்று வியாழக்கிழமைதான். மணி பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.