நெளிந்த சத்துமா டின்

சைக்கிள் கரியலில் ஒரு சத்துமா டின்னை வைத்து, அதைப் பழைய சாரத் துணியால் சுற்றி, அதற்கும் மேலே குடையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார் ஹெக்டர். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு முகில் இல்லை.

"இஞ்சேருங்கோ, இந்த வெயிலுக்க குடையைக் கட்டிக்கொண்டு எங்க போறியள்?" குசினிக்குள்ளிருந்து மக்டலினின் குரல் வந்தது.

"கந்தோருக்கு."

"ஞாயிற்றுக்கிழமையோ?"

ஹெக்டர் காது கேளாதவர் மாதிரிச் சைக்கிளில் ஏறினார். துறைமுகத்தில் கிளாக்கர் உத்தியோகம். இத்தனை வருட சேவையில் ஒரு பென்சில்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுசன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதற்பொய் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்து விழும்.

விசயம் இதுதான். மக்டலினுக்குச் சீனி வருத்தம். போன மாதம் மாதா கோயிலில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். பிரசங்கத்தின் நீளம்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. பழைய குளிசையை நிறுத்திப் புதுக் குளிசை எழுதினார். பாணுக்கும் சீனிக்கும் சனம் கியூவில் நின்ற காலம் அது. வெளிநாட்டுச் சாமான் என்று ஒன்று கண்ணில் பட்டால் ஊரே போய்ப் பார்க்கும். அந்தக் குளிசை ஆஸ்பத்திரியில் இல்லை. பட்டணத்துப் பாமசி ஒன்றில் மட்டும் இருந்தது. அதையும் கண்ணாடி அலுமாரிக்குள் நகை மாதிரிப் பூட்டி வைத்திருந்தார்கள். விலையும் நகை மாதிரித்தான்.

"எவ்வளவு காலத்துக்குப் போடவேணும், டொக்டர்?"

"ஆயுள் முழுக்க."

மக்டலினின் ஆயுளையா, தன் சம்பளத்தின் ஆயுளையா சொல்கிறார் என்று ஹெக்டர் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

கோயில் சபைக்காரர் விசயம் அறிந்து ஒரு என்வலப்போடு வந்தார்கள். ஹெக்டர் அவர்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, என்வலப்பைத் திருப்பியும் கொடுத்து அனுப்பினார். அடுத்த பூசையில் காணிக்கைத் தட்டில் வழக்கத்தைவிடக் கூடப் போட்டார். அந்தக் கிழமை முழுக்க அந்த வீட்டில் மீன் வாசம் வரவில்லை என்பதை அயல் கவனித்தது. அந்த ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, அப்படி. யார் வீட்டில் என்ன மீன் என்று தெரியாமல் அங்கே ஒருவருக்கும் சோறு இறங்காது.

பிறகு சனம் வருத்தம் பார்க்க வரத் தொடங்கியது. வெறுங்கையோடு வருத்தம் பார்க்கப் போனால் மரியாதை இல்லை. ஒருவர் பிஸ்கற் கொண்டுவந்தார், ஒருவர் தோடம்பழம், இன்னொருவர் கற்கண்டு. சீனி வருத்தக்காரிக்கு இதெல்லாம் ஆகுமா என்று யோசித்த ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை. பக்கத்து வீட்டு இன்பமலர் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். அவளுடைய புருசன் கப்பல் சமையற்காரன் ஒருவனிடம் கருவாடு கொடுத்து மாற்றிய சீமைச் சத்துமா டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

அதில் பாதி சீனி. மக்டலின் ஒரு கரண்டி குடித்தாலும் திரும்ப மயக்கம்தான். ஆனால் அப்படி ஒரு டின்னுக்கு அந்த நாளில் என்ன விலை! ஹெக்டர் டின்னைப் பார்த்தார். முடிந்துபோகும் குளிசைப் போத்தலைப் பார்த்தார். குடையைத் தேடினார்.

ஒழுங்கைக்குப் பக்கத்துக் கடையில் விற்றால் வீட்டுக்குத் திரும்பு முன்னரே கதை வந்து வாசலில் நிற்கும். ஆகவே பாலையூற்றில் இருந்த முனாப்பின் கடைக்கு மிதித்தார். வழியில் மான் ஒன்று தன் பாட்டுக்கு றோட்டைக் கடந்தது. பிறேக் பிடித்ததில் குடை ஒரு பக்கம், டின் ஒரு பக்கம். டின்னின் வயிற்றில், ஒரு முழங்கையை வைத்து அழுத்தியது மாதிரி நெளிவு.

முனாப் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கெடச்சிது ஐயா இது?"

"ஒருத்தர் தந்தவர். எங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்கிறேல்ல."

"நெளிஞ்சிருக்கே."

"நெளிஞ்சது தகரம். மா நெளியேல்ல."

பேரம் பேசி, வியர்த்து, ஒருவாறு விலை படிந்தது. ஹெக்டர் நேரே பாமசிக்குப் போனார். மக்டலின் கேட்டபோது, "டின்னைக் கன்னியர் மடத்துப் பிள்ளையளுக்குக் குடுத்தனான்" என்றார். அவள் பெருமையில் அன்றைக்கு அவருக்கு ஒரு முட்டை கூடப் பொரித்தாள்.

அந்த மாதக் குளிசை முடிகிற சமயம், கடைசி வீட்டுத் தையல்காரி வருத்தம் பார்க்க வந்தாள். கையில் ஒரு சத்துமா டின். வயிற்றில் முழங்கை அழுத்திய நெளிவு.

ஹெக்டருக்கு வேர்த்தது. டின் ஊர் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது! கூட வந்த இன்பமலர் டின்னையே பார்த்தாள். "எங்கட டின் மாதிரியே கிடக்கு, என்ன? அதுக்கு இந்த நெளிவு இல்லை" என்றாள். பிறகு நெளிவைப் பார்த்தாள். பிறகு கரியலில் கட்டியிருந்த குடையைப் பார்த்தாள். கடைசியாக ஹெக்டரைப் பார்த்தாள்.

"கப்பல்ல வாற டின் எல்லாம் ஒரே மாதிரித்தான்" என்றார் ஹெக்டர்.

"ஓம் அண்ணை. நெளிவுகூட ஒரே மாதிரித்தான் வரும்" என்று சொல்லி அவள் எழும்பிப் போனாள்.

இரண்டாந்தரம் முனாப் பேரமே பேசவில்லை. அவர் விற்கிற விலையையே எடுத்து நீட்டினார். ஹெக்டருக்குத் தன் வாய்ச்சாமர்த்தியத்தில் அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு டின் பஸ் மாதிரி ஓடத் தொடங்கியது. பாலையூற்றுக்குப் போகும், ஒழுங்கைக்கு வரும், திரும்பப் போகும். கொண்டுவருகிற ஆள்தான் மாறும். வருகிறவர்கள் மக்டலினின் கையைப் பிடித்து, "குளிசை இன்னும் கிடக்கோ அக்கா?" என்று கேட்பார்கள். போகும்போது, "டின்னை உடன திறந்திடாதையுங்கோ. காத்துப் பட்டாப் பழுதாப்போகும்" என்பார்கள். நல்ல சனம், பாவம், நுணுக்கமாக விசாரிக்குதுகள் என்று ஹெக்டர் நினைத்துக்கொண்டார்.

"திரும்பவும் மடத்துக்கோ குடுத்தனீங்கள்?" மக்டலின் ஒருநாள் கேட்டாள். "அந்தப் பிள்ளையள் இவ்வளவுக்கும் ஊதிப் போயிருக்குங்களே!"

ஊதியது பிள்ளைகள் அல்ல, மக்டலின்தான். புதுக் குளிசை நன்றாக வேலை செய்தது. முகம் தெளிந்தது. கிணற்றடியில் பாட்டுக் கேட்டது. ஹெக்டரின் கஷ்டகாலம், அந்த மாதம் ஒருவரும் வருத்தம் பார்க்க வரவில்லை. கோயில் திருநாள் வேலையில் ஒழுங்கை முழுக்க ஓடித் திரிந்தது. போத்தலின் அடி தெரியத் தொடங்கியது. திரும்ப மயங்கி விழுந்தால், இந்தத் தரம் எழும்புவது நிச்சயமில்லை என்று டொக்டர் சொன்னது ஹெக்டரின் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

ஒருநாள் துறைமுகத்தில் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"என்ன ஹெக்டர், வீட்டில எப்படி?"

"ஏலாது. சரியான ஏலாது" என்றார் ஹெக்டர். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தைத் துறைமுகம் பார்த்துக்கொண்டது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர், பிலா மரத்தடியில் விறகு கொத்திக்கொண்டிருந்த மக்டலினின் கையிலிருந்து கோடரியைப் பறித்தார்.

"போய்ப் படும்!"

"எனக்கு என்ன?"

"டொக்டரை வழியில கண்டனான். படுத்தே இருக்கட்டாம்."

"டொக்டர் கொழும்புக்குப் போய்ட்டாரெண்டு நேற்று நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"அவர் பஸ்ஸில போகேக்கதான் சொன்னவர்!"

இந்தப் பொய் முதற்பொய்யைவிடக் கொஞ்சம் திருத்தமாக வந்தது. மக்டலின் முறைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். படுத்தபடியே குசினிக்குக் கட்டளை போட்டாள். ஹெக்டர் வைத்த குழம்பின் வாசம் வந்ததும் எழும்பி ஓடினாள். ஹெக்டர் பிடித்து இழுத்துவந்து கிடத்தினார். வாசலில் யாராவது செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டால் கழுத்துவரை போர்த்திவிட்டார். வெயில் காலம். அவளுக்கு முகமெல்லாம் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"சன்னி வேர்வை" என்றார் துறைமுகத்திலிருந்து பார்க்க வந்த ஒருவர், வெளியே போய், அடங்கின குரலில்.

அந்த அடங்கின குரல் கரையோர பஸ்ஸில் ஏறிக் குச்சவெளிக்குப் போனது. ஏறும்போது மக்டலினுக்குச் சன்னி கண்டிருந்தது. நடுவழியில் பேச்சு நின்றது. குச்சவெளியில் பஸ் நிற்கும்போது மூச்சும் இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்த அவளுடைய தம்பி பற்றிக், உடுத்த சாரத்தோடு அதே பஸ்ஸில் திரும்பி ஏறினான்.

சனிக்கிழமை காலை பற்றிக் வாசலில் நின்று, "என்ர அக்கா!" என்று போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த காகம் எல்லாம் எழும்பிவிட்டது. அவனுக்குப் பின்னால், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைப்பூசுதல் எண்ணெயோடு கோயில் சுவாமியார். அவருக்குப் பின்னால் ஒழுங்கை முழுக்க. எல்லோருக்கும் பின்னால், தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாலையூற்று முனாப்.

"எப்ப முடிஞ்சது?" என்று பற்றிக் ஹெக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"இன்னும்... முடியேல்ல" என்று ஹெக்டர் தடுமாறினார்.

சுவாமியார் எண்ணெயைத் தொட்டு, ஜெபம் சொல்லி, கட்டிலுக்குக் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு கிடந்த மக்டலின் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"சுவாமி, ஆருக்கு இது?"

"உமக்குத்தான் மகளே. பயப்படாதையும்."

போர்வை ஒரு பக்கம் பறந்தது. மக்டலின் எழும்பி நின்றாள். அந்த நிமிர்ந்த நிலையைப் பார்த்துப் பற்றிக் அழுகையைப் பாதியில் விழுங்கினான்.

"இஞ்சேருங்கோ! என்ன நாடகம் இது?"

ஹெக்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் இருந்த மாதா படமும் அவரையே பார்த்தது.

"பேந்து உங்களைக் கவனிக்கிறன்" என்றாள் மக்டலின். "முதல்ல வந்த சனத்துக்கு ஏதாவது குடிக்கக் குடுக்கவேணும். சுவாமியும் வந்திருக்கிறார். வீட்டில சீனியும் இல்லை, பாலும் இல்லை." அவளுடைய கண் சுற்றி வந்து, இன்பமலர் இடுப்பில் இடுக்கியிருந்த டின்னில் நின்றது. "அது ஆருக்கு? எனக்குத்தானே? கொண்டா இஞ்ச."

"வேண்டாம் அக்கா!" என்றாள் இன்பமலர்.

"வேண்டாம்!" என்றாள் தையல்காரி.

"வாணாம் தங்கச்சி!" என்று வாசலிலிருந்து முனாப்பும் சொன்னார். பூசையில்கூட அந்த ஒழுங்கை இவ்வளவு ஒரே குரலில் பதில் சொன்னதில்லை.

மக்டலின் விடுவாளா? டின்னைப் பறித்தாள். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த கடதாசியைக் கத்தியால் கீறினாள். மூடியைக் கிளப்பி, பெரிய கோப்பைக்குள் கவிழ்த்தாள்.

கோப்பைக்குள் சரசரவென்று கடற்கரை மண் கொட்டியது. கடைசியில் ஒரு குட்டிச் சிப்பியும் விழுந்து 'டிங்' என்றது.

ஒழுங்கைச் சனம் தரையைப் பார்த்தது. ஹெக்டருக்கு மட்டும் இரத்தம் தலைக்கு ஏறியது. மாதக்கணக்காகப் பொய் சொல்லிக் கூனியிருந்த முதுகு, அடுத்தவனின் களவைக் கண்டதும் நிமிர்ந்துகொண்டது.

"முனாப்! மண்ணையோ வித்தனீர்?"

முனாப் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "மா எப்பவோ புழுத்துப் பெயித்து ஐயா. கொட்டிப்போட்டு, சல்லிக் கடக்கரயில மண் அள்ளி நெரப்பினன். பாரம் சரியா இரிக்கணுமே."

"பாரமோ? வெக்கமில்லாமல் சொல்லுறீரே! இந்த ஏழைச் சனத்திட்டக் காசை வாங்கிப்போட்டு மண்ணைக் குடுத்திருக்கிறீர். நான் விடமாட்டன். சுவாமி, நீங்கள்தான் சாட்சி, இப்பவே பொலிசுக்குப் போறன்!" ஹெக்டர் வெளியே போட்டுக்கொண்டு போகும் சேட்டைத் தேடினார். "இன்பமலர், எழும்பும். முறைப்பாடு எழுதவேண்டியது நீர்தான். இண்டைக்கு உம்மட காசைக் குடுத்து நீர் வாங்கினது வெறும் மண், விளங்குதோ?"

இன்பமலர் எழும்பவில்லை. மேசையில் சிந்தியிருந்த மண்ணை உள்ளங்கையால் ஒரு மணி விடாமல் கூட்டி, அந்தச் சிப்பியையும் பொறுக்கி, டின்னுக்குள் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"மண்ணெண்டு தெரிஞ்சுதானே அண்ணை முழு ஒழுங்கையும் மாறி மாறி வாங்கினது; கையில காசாத் தந்தா நீங்கள் தொடமாட்டியள். இப்ப அக்கா டின்னைத் திறந்துபோட்டா, அடுத்த மாசக் குளிசைக்கு நாங்கள் எதைத் தூக்கிக்கொண்டு வாறது?"