எதையும் தொடாத பஞ்சு

பஞ்சு ஐயாவைப் பார்க்க வேண்டுமானால் பொழுது விடிந்ததுமே போய்விட வேண்டும். நேரமாகிவிட்டால் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கீழே சோபாக் கடை இருந்த கட்டடம் அது. கடைக்காரர் திவாலாகிப் போய்விட்டார். சோபா விற்காத இடத்தில் நம்பிக்கை அமோகமாக விற்றது. வாசலிலிருந்து மாடி வரைக்கும் வயிற்றைத் தாங்கிப் பிடித்த பெண்கள், அவர்களைத் தாங்கிப் பிடித்த தாய்மார்கள், எதைத் தாங்குவது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற கணவன்மார்கள்.

லிஃப்ட் இருந்தது. ஆனால் படி ஏறினால்தான் கிருமி களைத்துப்போகும் என்று ஐயா சொல்லியிருந்தார். லிஃப்ட் பல மாதமாகப் பழுது என்பதற்கும் இந்த அருள்வாக்குக்கும் தொடர்பு கிடையாது என்றே வைத்துக்கொள்வோம்.

ஐயாவின் சக்தி என்ன? கர்ப்பிணியிடம் இருக்கும் கிருமியைப் பஞ்சால் பிடிப்பார். இந்த யோசனைகூட அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. பிரசவத்துக்குச் சில வாரம் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை செய்கிறார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் லேசாகத் தொட்டு எடுத்து, குரூப் பி ஸ்ட்ரெப் என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐயா அதே குச்சியை எடுத்துக்கொண்டார். தொடும் இடத்தை மட்டும் நெற்றிக்கு மாற்றினார். வெட்கப்பட வேண்டியதில்லை. உடை கசங்காது. மாமியாரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம். விஞ்ஞானத்துக்கு இந்த நாகரிகம் ஏன் வரவில்லையோ!

நம் கதைக்கு உரியவள் பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவள். அங்கே அவளைத் தராசுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனையில் அவளுக்குக் கிருமி இருப்பதாக வந்துவிட்டது. நர்ஸ் நிதானமாகத்தான் சொன்னாள்:

"பயப்படாதீங்க. நல்லா இருக்கிற நிறைய பேர் குடல்ல இது பாட்டுக்கு இருக்கும். உங்களை ஒண்ணும் பண்ணாது. பிரசவத்தப்போ குழந்தைக்குத் தொத்திக்கிச்சுன்னாதான் வம்பு. ரொம்பக் குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆச்சுன்னா பெருசா ஆகும். ரத்தத்துல, நுரையீரல்ல, மூளையில. யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியாது. அதனால வலி வந்தாலோ, தண்ணிக்குடம் உடைஞ்சாலோ நேரா இங்க வந்துடுங்க. குழந்தை பொறக்கிறதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே டிரிப்ல மருந்து ஏத்திடணும்."

"இப்பவே மாத்திரை குடுத்துடுங்களேன், போயிடட்டும்" என்றான் கணவன்.

"போகும். திரும்பி வரும். அது வர்றதும் போறதுமாத்தான் இருக்கும். அதான் பிரசவ நேரத்துல குடுக்கிறோம்."

இவ்வளவுதான் சங்கதி. வீட்டுக்கு வருவதற்குள் அது வேறு சங்கதி ஆகிவிட்டது.

"எங்க குடும்பத்துல யாருக்குமே இல்லாத கிருமி" என்றாள் மாமியார்.

"உங்க குடும்பத்துல யாரும் டெஸ்ட் பண்ணிக்கலையே, அத்தை."

"பண்ணிக்க வேண்டிய அவசியம் வரலம்மா. நாங்கல்லாம் சுத்தபத்தமா இருந்தவங்க."

அந்தச் 'சுத்தபத்தம்' என்ற சொல் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. மருமகளின் தட்டு தனியாகக் கழுவப்பட்டது. அவள் உட்கார்ந்து எழுந்த இடம் துடைக்கப்பட்டது. எங்கே போனாள், எந்தக் கழிப்பறைக்குப் போனாள், யாரோடு பேசினாள் என்று விசாரணை வேறு. கிருமிக்குக் குடல்தான் வீடு என்று நர்ஸ் சொன்னது யாருக்கும் நினைவில்லை. அவர்கள் நடத்தையில் அதைத் தேடினார்கள். பஞ்சு ஐயாக்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். நோயைப் பார்த்து அல்ல, வெட்கத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கடை போடுகிறார்கள்.

ஐயாவிடம் போகலாம் என்று மாமியார் நச்சரித்ததற்குத் தராசுக்காரியும் கடைசியில் ஒத்துக்கொண்டாள். முட்டாள் என்பதால் அல்ல. தினமும் தன் தட்டைத் தனியாகப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவள் எங்கே கூப்பிட்டாலும் போவாள்.

மாடிக்கூடத்தில் ஐயா வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். கழுத்தில் பாசிமணி. டாக்டர் பாதி, சாமியார் பாதி. எந்தப் பக்கம் மாட்டினாலும் இன்னொரு பக்கத்தால் தப்பிக்கலாம். அவர் முன்னால் மேசை, மேசைமேல் தெளிந்த தண்ணீரோடு கண்ணாடிக் கிண்ணங்கள், வலப்புறம் ஒரு குச்சிப் பெட்டி, இடப்புறம் ஒரு குச்சிப் பெட்டி. மேசைக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு காணிக்கைப் பெட்டி. மைக்கைப் பிடித்தவர் ஐயாவின் மச்சான். அக்கா புருஷனைத் தெய்வமாகவே நம்புகிற அப்பாவி.

"போன மாசம் கிருமி இருந்துச்சு! ஐயா தொட்டார்! ஆஸ்பத்திரியிலேயே திரும்ப டெஸ்ட் எடுத்தாங்க! இல்ல!" என்று மச்சான் ஒரு பெண்ணைச் சாட்சியாக நிறுத்தினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வந்து வந்து போகிற கிருமி, போயிருந்த நேரத்தில் போயிருந்தது. பெய்த மழை நின்றதற்குக் குடைக்கு மாலை போடுகிற புத்திசாலித்தனம்.

ஐயாவின் வேலை மூன்று கட்டம். வலப்பெட்டிக் குச்சியால் நெற்றியைத் தொட்டுக் கிண்ணத்தில் முக்குவார். தண்ணீர் செக்கச்செவேல் என்று மாறும். கூட்டம் "ஐயோ" என்னும். பிறகு கிருமியை அதட்டுவார். "எந்த வழியா வந்தியோ அந்த வழியாப் போ!" கிருமிக்கு அவருடைய மொழி நன்றாகப் புரியும்போல. அடுத்து, புதுக் கிண்ணத்தில் இடப்பெட்டிக் குச்சி. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கூட்டம் "ஆஹா" என்னும். கடைசியில் கர்ப்பிணி எல்லார் முன்னாலும் சத்தியம் செய்ய வேண்டும்: ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொள்ள மாட்டேன். ஏற்றினால், ஓடிப்போன கிருமி கோபித்துக்கொண்டு குழந்தைக்குள் புகுந்துவிடுமாம்.

வரிசையில் நிற்கும்போதே தராசுக்காரிக்கு இடுப்பில் வலி பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது.

"என்னங்க, வலி வருது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"நமக்கு முன்னாடி நாலஞ்சு பேருதான். முடிச்சுட்டே போயிடலாம்" என்றான் கணவன்.

"சுத்தமாகிட்டுப் போம்மா. அழுக்கோட பெத்துக்கப் போறியா?" என்றாள் மாமியார்.

அப்போது படிக்கட்டில் கூச்சல். சவரம் செய்யாத முகத்தோடு ஒருவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தான்.

"யோவ்! டிரிப் வேணாம்னு என் பொண்டாட்டிகிட்ட சத்தியம் வாங்கினியே! பொறந்த அன்னிக்கே என் குழந்தைக்கு மூச்சு வாங்குதுய்யா! கண்ணாடிப் பெட்டியில கிடக்குய்யா!"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "நம்பிக்கை குறைவு" என்றார்.

"பாவம், நம்பிக்கை பத்தல" என்று மாமியாரும் உச்சுக் கொட்டினாள். மருந்து பலிக்காவிட்டால் டாக்டர்மேல் வழக்கு. மந்திரம் பலிக்காவிட்டால் நோயாளிமேல் வழக்கு. நல்ல தொழில்.

தராசுக்காரி அந்த மனிதனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பையில் ஆஸ்பத்திரிப் பார்வையாளர் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவனை நாலு பேர் சுவரோரம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பேர் இவளுடையது.

ஐயா வலப்பெட்டியில் குச்சி எடுத்தார். நெற்றியைத் தொட்டார். முக்கினார். சிவப்பு.

"பாரும்மா உன் லட்சணத்தை!"

மாமியார் தலையில் கைவைத்தாள். கணவன் தரையைப் பார்த்தான். தராசுக்காரி வலி ஒன்று வந்து போகும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஐயா, இன்னொரு குச்சி எடுங்க. யாரையும் தொடாம, அப்படியே முக்குங்க."

"எதுக்கு?"

"நான் எடை போடுறவ. பார்சலை வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் தட்டு என்ன காட்டுதுன்னு பார்ப்போம். வெறும் தட்டே எடை காட்டிச்சுன்னா கோளாறு பார்சல்ல இல்ல, தராசுலதான்."

"இது என்ன பார்சல் ஆபீஸா? தெய்வ காரியம்!"

"தெய்வம் பொய் எடை போடாதே. முக்குங்களேன்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. ஐயா பெருந்தன்மையோடு கையை நீட்டினார், இடப்பெட்டிக்கு.

"அதுல இல்லீங்க. என்னைத் தொட்டது இதுலேருந்துதான்" என்று அவளே வலப்பெட்டியில் ஒரு குச்சியை உருவிப் புதுக் கிண்ணத்தில் விட்டாள்.

செக்கச்செவேல்.

வயிறு இல்லாத, புருஷன் இல்லாத, மாமியார்கூட இல்லாத குச்சி. அதற்கும் கிருமி.

கூட்டம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தது. ஆனால் ஐயா லேசுப்பட்டவரா? எழுந்து கத்தினார். "உன் கை பட்டுதே! கையிலிருந்து ஏறிடுச்சு! பாத்தீங்களா, எவ்வளவு உக்கிரம்!"

கூட்டம் உடனே தலையாட்டியது. தலை அதற்குத்தானே இருக்கிறது.

"சரி, என் கை வேணாம். உங்க கையால முக்குங்க" என்றாள் தராசுக்காரி.

ஐயா அசையவில்லை. முக்கினால் சிவக்கும், முக்காவிட்டால் சந்தேகம். நெற்றியில் வேர்த்தது. தெய்வத்துக்கு வேர்க்கலாமா? பதறிப்போனார் மச்சான். அக்கா புருஷனின் மானம் காக்க மைக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் பாய்ந்தார்.

"ஐயா எதுக்கு? நான் சுத்தமான ஆளு. நான் முக்குறேன், பாருங்க!"

"டேய், வேணாண்டா!" என்றார் ஐயா. தெய்வம் 'டேய்' என்று சொல்லி அன்றுதான் கேட்டார்கள்.

அதற்குள் மச்சான் வலப்பெட்டிக் குச்சி ஒன்றை இன்னொரு புதுக் கிண்ணத்தில் முக்கிவிட்டார். கிண்ணம் ரத்தச் சிவப்பு. மச்சான் கிண்ணத்தைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார்.

முதலில் வாயைத் திறந்தவள் மாமியார்தான்.

"ஏன்யா, உனக்கு எத்தனாவது மாசம்?"

கூடம் வெடித்தது. சுவரோரம் இருந்தவன் பிடியை உதறிக்கொண்டு வந்து வலப்பெட்டியையே கிண்ணத்தில் கவிழ்த்தான். மேசையெல்லாம் சிவப்பு. பஞ்சில் சலவை சோடாக் கரைசலைத் தோய்த்துக் காயவைத்திருந்தது பிறகு தெரியவந்தது. தண்ணீரில், சோடா பட்டால் சிவக்கிற, பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கிற மருந்து. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்கிற வித்தை. பிள்ளைகள் அதற்குக் காணிக்கை வாங்குவதில்லை. ஐயா பின்பக்கப் படியால் இறங்கப் பார்த்தார். அங்கே உடைந்த சோபாக்கள் அடைத்துக்கொண்டிருந்தன. போலீஸ் வரும்வரை அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார்.

தராசுக்காரி அதற்கெல்லாம் நிற்கவில்லை. "ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். இந்தத் தடவை கணவன் ஓடினான்.

"வலி எப்போ ஆரம்பிச்சுது? ஏன் இவ்வளவு லேட்?" என்றாள் நர்ஸ்.

"டிராஃபிக்" என்றான் கணவன்.

மருந்து ஏறத் தொடங்கியது. குழந்தை அவசரப்படவில்லை. அதற்காவது அறிவு இருந்தது. மருந்துக்கு வேண்டிய நேரம் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூச்சையும் உடம்புச் சூட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குறையும் இல்லை. எல்லாரையும் திட்டுவதுபோல அழுதது. நியாயமான அழுகை.

மறுநாள் காலையில் வார்டு வாசலில் சலசலப்பு. கணவன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து திருதிரு என்று விழித்தான். வெளியே கர்ப்பிணிகள் வரிசையாக நின்றார்கள். மாடிக்கூடத்தில் நின்ற அதே முகங்கள்.

"ஐயாவோட சக்தியையே கட்டிப்போட்டாங்களாமே! அவங்க கையால ஒரு தடவை நெத்தியைத் தொட்டாப் போதும்!"

வரிசை கலையாமல் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள் ஒருத்தி. "தள்ளாதீங்கம்மா, எல்லாரையும் தொடுவா. எங்க வீட்டு மருமகதான்!"

மாமியார்.

தராசுக்காரி குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை வந்தாள். முதலில் நின்றவள் கண்ணை மூடி நெற்றியை நீட்டினாள்.

"நெத்தியில ஒண்ணும் இல்ல. டெஸ்ட்ல இருக்குன்னு வந்தா, வலி வந்ததும் இங்க ஓடி வாங்க. டிரிப் ஏத்துவாங்க. அவ்வளவுதான்."

"நீங்க ஒரு தடவை தொட்டுட்டாக் கொஞ்சம் தைரியமா இருக்கும்மா."

தராசுக்காரி அந்த நெற்றியைப் பார்த்தாள். வரிசையில் நீண்டிருந்த அத்தனை நெற்றிகளையும் பார்த்தாள். மாமியாரின் நெற்றியையும் பார்த்தாள்.

"வெளியில தொட்டுத் தொட்டு என்ன பிரயோஜனம்? நெத்திக்குப் பின்னாடி ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதை நீங்கதான் தொடணும். வீட்டுக்குப் போய் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. புத்தம் புதுசா இருக்கும்."