ஈகொனின் கதிரையும் ஒரு தேசிக்காயும்

டென்மார்க்கில் பிள்ளையை ஒரு விளையாட்டுக் கழகத்தில் சேர்க்கிறவர்கள் ஒன்றை முதலே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளையோடு சேர்த்து உங்களையும் எடுத்துவிடுவார்கள். ஒரு தாய் கேக் சுடுவார், ஒரு தகப்பன் வாசலில் நின்று டிக்கெற் பார்ப்பார், இன்னொருவர் ஆட்டம் முடிந்ததும் தரையைக் கூட்டுவார். "நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். "ஒன்றுமில்லை" என்ற பதிலுக்கு டேனிஷ் மொழியில் வசனம் கிடையாது (இருந்தால் இத்தனை வருடத்தில் நான் பாடமாக்கியிருப்பேன்).

என் மகள் ஆரணி கூடைப்பந்து விளையாடுகிறாள். நாங்கள் இருப்பது ஹோர்சன்ஸில். கழகம் பக்கத்து ஊர் ஒன்றில். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த சனிக்கிழமை என்னை உள்ளே விடமாட்டார்கள். பெண்களின் உச்சப் பிரிவு. அமெரிக்காவில் இருந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்து, சம்பளம் கொடுத்து விளையாட வைக்கிற அளவுக்குப் பெரிய அணி. கழகத்துக்காரர் என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நான் கேக் என்று வாயெடுக்க முதல் என் மனிசி முந்திக்கொண்டாள்.

"இவர் கேக் சுட்டால் ஆக்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும். மணிக்கூட்டில இருத்துங்கோ. வீட்டில ரி.விக்கு முன்னால அந்த வேலைதானே செய்யிறார்."

அது உண்மை. பந்தைத் தொட்டு விளையாடத் தெரியாத எனக்கு, கடைசி ஒரு நிமிடத்தில் எப்போது கூடைக்கு அடிக்கவேண்டும், எப்போது பந்தை வைத்திருந்து நேரத்தைக் கொல்லவேண்டும் என்பது மட்டும் தலைகீழ்ப் பாடம். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து ஆரணிக்கு வகுப்பெடுப்பேன். "நாற்பது செக்கன் கிடக்கேக்க பந்து உன்ர கையில எண்டால் யோசிக்காத. கெதியா அடி. போனால் என்ன, அவை இருபத்துநாலு செக்கனுக்குள்ள அடிச்சே ஆகவேணும். பிறகு பந்து திரும்ப உனக்கு. அவைக்கு ஒரு தரம், உனக்கு ரெண்டு தரம்!"

ஆரணி பதில் சொல்வாள்: "அப்பா, பருப்பை இங்கால தாங்கோ."

இருபத்துநாலு செக்கன் மணிக்கூடு என்பது கூடைக்கு மேலே சிவப்பாக எரியும் பலகை. ஒரு அணிக்குப் பந்து கிடைத்தால் இருபத்துநாலில் இருந்து கீழே எண்ணும். அதற்குள் அடிக்காவிட்டால் பந்து பறிபோகும். பந்து வளையத்தில் பட்டு அதே அணியிடம் திரும்பி வந்தால் பதினாலில் இருந்து எண்ணும். மேசையில் ஒரு சின்னப் பெட்டி, மூன்று பொத்தான். இருபத்துநாலு, பதினாலு, பலகையை அணைக்க ஒன்று. ஒரு பின்னேர வகுப்புக்குப் போனேன், பழகினேன். என்னைப்போல ஆள் டென்மார்க்கிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போய் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்தேன்.

"இழுக்காதே," என்றார் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பென்ட். தாடி வைத்த, சத்தமே போடாத மனிதர். "அது ஈகொனின் கதிரை. மேசைக்கு ஒட்டினால்போல் இருந்தால்தான் ஈகொனுக்குப் பிடிக்கும்."

"ஈகொன் எப்ப வருவார்?"

"கோடையில் செத்துப்போனார்," என்று சொல்லிவிட்டு பென்ட் கோப்பியைக் குடித்தார்.

இங்குள்ள மனிதர்கள் பகிடி விட்டாலும் முகம் அசையாது, மரணச் செய்தி சொன்னாலும் அசையாது. நான் பகிடி என்றே எடுத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தேன். மண்டபத்தில் சிரித்தது நான் மட்டும்தான்.

அன்றைக்கே ஒன்று நடந்தது. ஆரணி அடித்த பந்து வளையத்தில் பட்டு எங்கள் பக்கமே வந்தது. நான் பதினாலுப் பொத்தானை அமத்த வேண்டும். ஆனால் "ஐயோ, கொஞ்சம் உயர்த்தி அடிச்சிருக்கலாமே பிள்ளை" என்று கையை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். நினைவு வந்து பலகையைப் பார்த்தால், பதின்மூன்று, பன்னிரண்டு என்று ஒழுங்காக எண்ணிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் பெரிய மணிக்கூட்டைப் பார்க்கிற லோனே இருந்தார். "நீங்கள் அமத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"என்னுடைய கை என்னுடைய பெட்டியில்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உனக்கு முதல் இந்தப் பெட்டியில் இருந்த ஈகொனும் உன்னைப்போலத்தான், ஆட்டத்தில் மயங்கிப்போவார். ஆனால் ஒருநாளும் பிழைவிட்டதில்லை," என்றார்.

எனக்கு முதுகில் ஒரு குளிர் ஊர்ந்தது. கதவு திறந்திருந்ததால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு மூடியிருந்தது.

மாரிக்காலம் வந்தது. நாலு மணிக்கே இருட்டு. ஃபியோர்ட் என்கிற கடற்கழிப் பக்கமிருந்து பனிப்புகார் எழும்பி வீதி விளக்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வரும். அப்படியொரு சனிக்கிழமை, பொத்தான் பெட்டியை எடுத்து மேசையில் பொருத்த வேண்டுமே என்று நான் நேரத்தோடு போனேன். பென்ட் வெளிக்கதவைத் திறந்துவிட்டு எங்கேயோ போயிருந்தார். மண்டபத்துக்குள் லைற் இல்லை. இரண்டு கூடைக்கும் மேலே மட்டும் சிவப்பு எழுத்தில் இருபத்துநாலு. மெழுகு தேய்த்த தரையிலும் தலைகீழாக இருபத்துநாலு. யாரோ நேற்று அணைக்க மறந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு அடி வைத்தேன்.

இருபத்துமூன்று. இருபத்திரண்டு.

பொத்தான் பெட்டி பூட்டின அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு என் கையில். நான் மூச்சு விடாமல் நின்றேன். எண்கள் ஒன்பதுக்கு வந்தன, எட்டு, ஏழு, ஒரு கணம் தயங்கின. பிறகு பதினாலு என்று மாறின.

பொதுவாக எனக்கு மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும். அன்றைக்கென்று பாய்ந்து வேலை செய்தது. இருபத்துநாலுக்குப் போயிருந்தால் மின்சாரப் பிழை என்று சொல்லலாம். பதினாலு என்றால் யாரோ அடித்திருக்கிறார்கள். பந்து வளையத்தில் பட்டிருக்கிறது. அடித்த அணியே அதைத் திரும்ப எடுத்திருக்கிறது. அந்த இருட்டுக்குள், எனக்கு முன்னால், சத்தமே இல்லாமல் ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

நான் ஓடவில்லை. (மனிசி இதை வாசிப்பாள் என்றபடியால் திருத்தி எழுதுகிறேன்: நான் ஓடினேன். வாசலில் இருந்த கேக் மேசையையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.) காருக்குள் ஏறி எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு, ஆரணியும் மனிசியும் பஸ்ஸில் வந்து இறங்கும்வரை தேவாரம் பாடிக்கொண்டு இருந்தேன். பாதியில் வரி மறந்துபோய் முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடினேன்.

என் மனிசி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். செத்தவர்களைக் கழுவி உடுப்பு மாற்றிவிட்டு வந்து சோறு சாப்பிடுகிற ஆள். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"செத்த மனிசன் நேரத்துக்கு வேலைக்கு வந்து நிக்கிறார். உயிரோட இருக்கிற நீங்கள் காருக்குள்ள ஒளிச்சிருக்கிறியள். வெக்கமா இல்லையே?"

"பேயப்பா அது!"

"பேயெண்டாலும் அதுக்கு விதிமுறை தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியுமோ?"

இப்படியே மாரி போய், பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. அமெரிக்கப் பெட்டைக்குக் கணுக்கால் சுளுக்கி விட்டது. பயிற்சியாளர், குட்டைத் தலைமயிர் வெட்டின ஒரு பெண், ஆரணியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "ஆட்டம் இறுக்கமாக வந்தால் கடைசிப் பந்து உன்னுடையது. நீ எப்படி முடிவெடுக்கிறாய் என்று பார்த்துத்தான் அடுத்த பருவம் உன்னை வைத்திருப்பதா என்று சொல்வேன்." ஆரணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பருப்பைக்கூடக் கேட்கவில்லை.

தகப்பனாக நான் என்ன செய்யலாம்? குசினிக்குள் போய், மீன் குழம்புக்கென்று மனிசி வைத்திருந்த தேசிக்காய்களில் ஒன்றை எடுத்தேன். திருநீற்றைப் பூசினேன். பொக்கற்றுக்குள் வைத்தேன். புதுக் கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கிற சாதி நாங்கள். டேனிஷ் பேய்க்கு அது கேட்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் வேறு வைத்தியம் தெரியாது. ஆட்டம் தொடங்க முதல் யாரும் பார்க்காத நேரம், பெட்டிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவில் தேசிக்காயை வைத்து, "ஈகொன் அண்ணை, இண்டைக்கு மட்டும் என்னை விடுங்கோ" என்று முணுமுணுத்தேன்.

ஆட்டம் இறுக்கமாகத்தான் வந்தது. முப்பத்தெட்டுச் செக்கன் கிடக்கிறது, நாங்கள் ஒரு புள்ளியால் பின்னுக்கு, பந்து ஆரணியின் கையில். அவள் மேலே பலகையைப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல், கெதியாக, நேரே எழும்பி அடித்தாள்.

சோற்றுக் கோப்பைப் பாடம்! என் மகள் கேட்டிருக்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்து மற்ற அணியின் கைக்குப் போனது. இருபத்துநாலு அமத்த வேண்டும். கை வரவில்லை. கை எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. பலகையைப் பார்த்தேன். இருபத்துநாலு. இருபத்துமூன்று.

மற்ற அணி அவசரப்படவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு, கைமாற்றிக்கொண்டு, நேரத்தைத் தின்றார்கள். சனம் கத்திக்கொண்டிருந்தது, ஆனால் எனக்கு அது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல இருந்தது. கடைசி நொடியில் அவர்கள் அடித்தார்கள், தவறியது, எங்கள் பிள்ளை ஒருத்தி பந்தைப் பிடித்து ஆரணியிடம் எறிந்தாள். ஆட்டம் முடிய எட்டுச் செக்கன். இனி இருபத்துநாலு செக்கன் மணிக்கூட்டுக்கு வேலையில்லை, அணைக்க வேண்டும். நான் அணைக்கவில்லை. இரண்டு பலகையும் ஒன்றாக இருண்டன.

அப்போதுதான் தேசிக்காய் அசைந்தது.

மேசையை ஒருவரும் இடிக்கவில்லை. தேசிக்காய் முதலில் மெல்லத் திரும்பியது, யாரோ விரலால் தொட்டுப் பார்க்கிறதுபோல. பிறகு போத்தலைச் சுற்றி, லோனேயின் பேனையைச் சுற்றி, வழி தெரிந்த ஆளைப்போல மேசை விளிம்புக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது விழுந்தது. துள்ளியது. ஆடுகளத்துக்குள் நேர்கோட்டில் உருண்டு போய், கூடைக்கு முன்னால், ஆரணி கால் வைக்கப்போன இடத்தில் நின்றது.

நடுவர் விசில் ஊதினார்.

நடுவர் குனிந்து எடுத்தார், மணந்து பார்த்தார், விரலில் ஒட்டிய திருநீற்றைப் பார்த்தார். பிறகு எங்கள் மேசையைப் பார்த்தார். மேசையில் இருந்தவர்களில் தேசிக்காய்க்குச் சொந்தக்காரன் யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை.

மூன்று செக்கன் மிச்சம். பக்கக் கோட்டில் இருந்து பந்தை எறிந்து தொடங்க வேண்டும். அதற்குள் மற்ற அணி சுவர்போல நின்றுவிட்டது. ஆரணிக்குப் பந்து கிடைத்தது, இரண்டு பேருக்கு மேலால் அடித்தாள், வளையத்தில் பட்டுப் போய்விட்டது. ஒரு புள்ளியால் தோல்வி.

ஆட்டம் முடிந்து காரில் ஏறினோம். புகாருக்குள் ஊர்ந்துகொண்டு வந்தோம். பாதி வழியில் மனிசி, "மீன் குழம்புக்கு ஒரு தேசிக்காய் குறைஞ்சுது எண்டு பாத்தன்," என்றாள். ஆரணி கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதாள். அப்போது எனக்கு விளங்கியது, பேயைவிடப் பயங்கரமான ஒன்று பின் சீற்றில் இருக்கிறது என்று.

மூன்று நாள் கழித்துப் பயிற்சியாளர் அணியைக் கூட்டி, கடைசி முப்பத்தெட்டுச் செக்கனின் வீடியோவைப் போட்டார். மன்னிப்புக் கேட்க வரச்சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் ஆக்களுக்குப் பின்னால் கோழிக்கள்ளன்போல நின்றேன். முதல் ஷொட்டைக் காட்டி, "தவறினாலும் இதுதான் சரியான முடிவு," என்றார். (நான் மனிசிக்கு இடிக்கலாம் என்று திரும்பினேன், அவள் வரவில்லை.) விசில் ஊதிய இடத்தில் படத்தை நிறுத்தினார். "இங்கே என்ன தெரிகிறது?"

பதில் சொன்னது ஆரணி. "பிழையான பக்கம் போறன். ரெண்டு பேருக்கு நடுவில. பந்து என்ர கையை விட்டுப் போயிட்டுது. அந்தப் பழம் வராட்டில் பறிகுடுத்திருப்பன், அடிக்கவே கிடைச்சிராது."

பயிற்சியாளர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். தன் பிழையை முதலில் தானே சொல்கிற ஆள் தனக்கு வேண்டும் என்றார். அடுத்த பருவமும் நீ இருக்கிறாய் என்றார். பெட்டைகள் கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள். நான் கண்ணைத் துடைத்தேன்.

அப்போது ஒருத்தி திரையின் மூலையைக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினாள். அங்கே மேசை. மேசைக்குப் பின்னால் நான். இரண்டு கையும் தலையில், செத்தவீட்டில் நிற்கிறதுபோல. முன்னுக்கு ஓட்டினார்கள், பின்னுக்கு ஓட்டினார்கள். முப்பத்தெட்டுச் செக்கனும் கை தலையில்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிறகு அதே பிள்ளை கேட்டாள்: "அப்படியென்றால் பொத்தானை அமத்தினது யார்?"

லோனேயின் கை லோனேயின் பெட்டியில் இருந்தது. பலகை இருபத்துநாலுக்கு மாறுகிறது. சரியான நொடியில் அணைகிறது. மேசைக்குக் கிட்ட வேறு யாரும் வரவில்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிற்பாட்டினார்கள். பென்ட் மட்டும் கதவடியில் சாய்ந்துகொண்டு கோப்பி குடித்தார்.

மேசையில் இருந்து என்னை நிற்பாட்டுவார்கள் என்று நம்பிப் போனவன் நான். நடந்தது வேறு. கூடைப்பந்துச் சங்கத்தில் இருந்து மேசை வேலைகளைச் சரிபார்க்க வந்த ஒருவர், பருவம் முழுக்க ஒரு செக்கன்கூடப் பிழைவிடாத ஆள் என்று என்னைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார். கழகம் கேக் வெட்டியது. இப்போது என்னை விடவும் மாட்டார்கள், நானும் கதிரையை இழுப்பதில்லை.

கோல்டிங்கில் போன மாதம் ஒரு கலியாணவீடு. புதிதாகச் சம்பந்தம் செய்தவர்களுக்கு மச்சான் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவர்தான் அத்தான். கையே வைக்காமல் வேலை செய்து பேரெடுத்த மனிசன்."

அவர்கள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற என் மனிசி, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"ஓம், வீட்டிலயும் அப்பிடித்தான். ஆனால் அங்க பேய் நான்."