ஓயாத மீட்டர்

“எத்தனை?” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

ஆர்ச்சி சின்க்ளேர், கம்பளித் தொப்பி, கோட்டு, கழுத்தில் மஃப்ளர் சகிதம் வாசற்கதவை ஒட்டிய அலமாரிக்குள் தலையை நுழைத்து, டார்ச் வெளிச்சத்தில் மின்சார மீட்டரை முறைத்துக்கொண்டிருந்தார்.

“காது கேக்கலையா? எத்தனைன்னு கேட்டேன்.”

“போன வாரத்தை விடக் கொஞ்சம் கூட.”

“கொஞ்சம்னா?”

“ஒரு... நாப்பது யூனிட்.”

இஷ்பெல் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அவளும் கோட்டுதான் போட்டிருந்தாள். “பேசினா வாயிலேர்ந்து புகை வருது. மீட்டர் மட்டும் தலைதெறிக்க ஓடுது. முப்பத்தாறு வருஷம் கப்பல்ல என்ஜினியராம்!”

கடைசி வார்த்தை ஆர்ச்சியைச் சுருக்கென்று குத்தியது. ஆர்க்னி தீவுக்குப் போகும் கப்பலில் என்ஜினைக் கட்டி மேய்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும், விக் ஊரின் கோடியில் கணப்பும் கரியுமாக நிம்மதியாக இருந்த இஷ்பெலைக் கிளப்பி, முதியோருக்காக வீட்டுவசதிச் சங்கம் நடத்தும் இந்த எட்டு வீட்டுக் கட்டடத்தில், முன்பு வார்டன் குடியிருந்த தரைத்தள வீட்டுக்கு இழுத்து வந்தவரும் அவரேதான்.

“கரி அள்ள வேணாம், சாம்பல் வார வேணாம்” என்று அன்று பெரிதாகப் பேசினார். “ராத்திரியில கரண்ட் மலிவு. ஹீட்டருக்குள்ள இருக்கிற செங்கல்லு விடிய விடியச் சூடாகும். பகல் பூரா அந்தச் சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும். நாம செய்ய வேண்டியது ஒண்ணுமில்ல, உக்காந்து அனுபவிக்கறதுதான்!”

அனுபவித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“இதோ பாருங்க, என்ஜினியரே” என்றாள் இஷ்பெல். “பிப்ரவரி முடியறதுக்குள்ள ஒண்ணு செலவு குறையணும், இல்ல ஏன் குறையலன்னு காரணமாவது தெரியணும். ரெண்டும் நடக்கலன்னா அக்கா வீட்டுக்குப் போயிடலாம். மாடி அறை காலியாத்தான் கிடக்கு.”

இஷ்பெலின் அக்கா வில்லினா இன்வர்னெஸ்ஸில் இருந்தாள். அவள் வீட்டில் மாலை ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை மட்டும் ஓடும். போன முறை மூன்று நாள் தங்கப்போனபோது, நாற்காலியில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கிவிடுகிறது என்று ஆர்ச்சியை முக்காலிக்கு மாற்றியிருந்தாள். மிச்ச ஆயுளை முக்காலியில் கழிப்பதா? விறைத்துச் சாவது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

அன்று இரவே எல்லா ஹீட்டரின் திருகையும் ஆறிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். மறுநாள் காலையில் வீடு மீன் வைக்கும் ஐஸ் பெட்டியாகக் குளிர்ந்து கிடந்தது. இஷ்பெலின் பார்வை அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

“எதுக்கு இங்க நடுங்கணும்? பக்கத்துல பொது ஹால் இருக்குல்ல? நம்ம சாவி வேலை செய்யும். வா” என்றார்.

ஹாலில் நாலைந்து பேர் முழங்காலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி, மேல்மாடியில் இருக்கும் பெத்தீனா. எண்பத்து நாலு வயது, ஐந்தடிக்கும் குறைவு. ஆர்ச்சி ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வதாக இருக்கும்.

“யாரு இதை ஒண்ணுல வச்சது?”

“எப்பவும் ஒண்ணுலதான் வைப்போம், ஆர்ச்சி தம்பி” என்றாள் பெத்தீனா. “அதுக்கு மேல வைக்க எங்களுக்கு மனசு வராது.”

“ஆறு வரைக்கும் போட்டிருக்கானே, எதுக்கு? அழகுக்கா?” ஆர்ச்சி திருகை ஒரே முறுக்காக ஆறுக்குத் திருப்பினார். அந்தப் பக்கச் சுவரில் இருந்த இரண்டாவது ஹீட்டரையும் விடவில்லை.

ஹாலில் சீட்டு விழும் சத்தம் நின்றுபோயிற்று. பழைய தபால்காரர் டூகல்ட் எழுந்து வந்து ஆர்ச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நிஜமாத்தான் சொல்றீங்களா?”

“நான் சொல்றேன், இருக்கட்டும்!”

“உங்களை மாதிரி ஒரு மனுஷனை இந்தக் கட்டடம் பார்த்ததில்ல” என்றார் டூகல்ட்.

ஒரு திருகைத் திருப்பியதற்கு இவ்வளவா? பாவம், தபால்காரருக்கு இயந்திரம் என்றாலே பயம் போலிருக்கிறது என்று ஆர்ச்சி நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இஷ்பெலிடம் கண்ணடித்தார். “சங்கத்துக் கரண்ட்டு. நம்ம வீட்டுச் சூடு மிச்சம். எப்படி?”

அடுத்த வாரம் மீட்டர் எழுபது யூனிட் கூடக் காட்டியது.

“வெந்நீர்!” என்று கூவினார் ஆர்ச்சி. “வெந்நீர்த் தொட்டிதான் குடிக்குது!” தொட்டியை அணைத்தார். ஹாலை ஒட்டிப் பொதுக் குளியலறையும் துவைக்கிற அறையும் இருந்தன. துண்டும் சோப்புமாக இருவரும் அங்கே நடந்தார்கள். துணி உலர்த்தும் மிஷினில் இஷ்பெல் கம்பளிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள்.

பெத்தீனா தயங்கித் தயங்கி வந்தாள். “தம்பி, நாங்களும் துணியை இதுலயே போட்டுக்கலாமா? உங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லையே?”

என்னிடம் எதற்குக் கேட்கிறாள் என்று ஆர்ச்சிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, ஒரு என்ஜினியரைக் கேட்டுவிட்டுச் செய்வது முறைதானே என்று பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“தாராளமா போடுங்க! போர்வை, திரைச்சீலை, எது இருந்தாலும் கொண்டாங்க!”

கொண்டுவந்தார்கள். எட்டு வீட்டுத் திரைச்சீலையும் மூன்று நாள் சுற்றியது. ஆர்ச்சி வீட்டு வாசலுக்கு ஜாமும் கேக்கும் வந்துகொண்டே இருந்தன. மீட்டர் இரு மடங்காயிற்று.

மின்சாரக் கம்பெனிக்குப் போன் செய்தார். அந்தப் பெண் இனிமையாகப் பேசினாள். “வீட்டுல ஆள் இல்லாத நேரத்துல எல்லாத்தையும் அணைச்சு வைங்க சார்.”

“அணைக்க ஒண்ணும் பாக்கி இல்லம்மா. பொண்டாட்டி ஒருத்திதான் இன்னும் எரிஞ்சுக்கிட்டிருக்கா!”

பிப்ரவரி பிறந்ததும் ஆர்ச்சிக்கு வெறி பிடித்தது. வீட்டு ஹீட்டர் நான்கையும் அடியோடு அணைத்தார். குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கி, வெண்ணெயை ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்தார். அதை ஒரு கடற்காகம் தூக்கிக்கொண்டு போயிற்று. வீட்டில் தூக்கம் மட்டும்தான். காலைக் கஞ்சியிலிருந்து இரவுச் சூப் வரை எல்லாம் ஹாலில்தான் நடந்தது. டீ பாய்லர் ஓய்வே எடுக்கவில்லை. நாமே வசதியை மொத்தமாக அனுபவித்தால் கண்ணை உறுத்துமே என்று அடுத்த கட்டடத்துக்காரர்களையும் கூப்பிட்டார். சனிக்கிழமைதோறும் ஆட்டம் பாட்டம். ஹாலில் அடித்த அனலில் டூகல்ட் அரைக்கைச் சட்டைக்கு வந்துவிட்டார். வெளியே பனி கொட்ட, உள்ளே வேர்க்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்.

மீட்டரோ பறந்தது. ஆர்ச்சி சுவரில் காதை வைத்துக் கேட்டார். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். எவனோ திருடுகிறான் என்றார். அப்புறம், பேய் என்றார். இஷ்பெல் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி வில்லினா வேனோடு வந்து இறங்கினாள். சாயங்காலம் ஆறரை மணிக்குள் மேஜை, கட்டில், பெட்டி எல்லாம் ஏறிவிட்டன.

“ஆர்ச்சிபால்ட், உங்களுக்கு முக்காலி துடைச்சு வச்சிருக்கேன்” என்றாள்.

ஹாலில் பிரிவுபசாரம் ஏற்பாடாகியிருந்தது. முப்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பாய்லர் கொதித்தது, விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. டூகல்ட் அக்கார்டியனில் சோகமாக ஏதோ வாசித்தார். பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாழ்நாளில் யாரும் ஆர்ச்சியை இப்படி நேசித்ததில்லை. இவர்களை விட்டுவிட்டா முக்காலிக்குப் போவது?

“கடைசியா மீட்டரைப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று முணுமுணுத்துவிட்டு வெளியேறினார்.

வீட்டில் ஒரு பொருள் இல்லை. ஒரு பல்பு எரியவில்லை. சுவரில் ஹீட்டர்கள் செத்துக் கிடந்தன. ஆனால் அலமாரிக்குள் மீட்டரின் சிவப்பு விளக்கு மூச்சு விடாமல் பட பட பட என்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

“இன்னுமா?” என்று அலறினார் ஆர்ச்சி. “காலி வீட்டுலயும் தின்றியா? தின்னு, இப்ப தின்னு பாப்போம்!”

மெயின் சுவிட்சைப் பிடித்து ஓங்கி இறக்கினார். சிவப்பு விளக்கு அடங்கியது. மூன்று மாதத்தில் முதல் வெற்றி. கையைத் தட்டிக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினார்.

ஹாலில் கும்மிருட்டு. பாய்லர் அடங்கியிருந்தது. யார் காலையோ யாரோ மிதித்துவிட்டார்கள், அக்கார்டியன் ஒருமுறை கத்திவிட்டு நின்றது.

“என்ன ஆச்சு?” என்றார் ஆர்ச்சி.

“கரண்ட் போச்சு, வேற என்ன?” இருட்டிலிருந்து வில்லினாவின் குரல் கேட்டது. “நீங்க காலை வச்ச இடம் விளங்குமா? என் தங்கச்சியை இங்க இழுத்துக்கிட்டு வந்து, சூடு போடாம, வெந்நீர் கொடுக்காம, மூணு மாசம் விறைக்க வச்ச மகா கஞ்சன்!”

யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். அந்த வெளிச்சத்தில் ஐந்தடிக்கும் குறைவான பெத்தீனா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வில்லினாவின் எதிரே போய் நின்றாள்.

“யாரைப் பார்த்தும்மா கஞ்சன்னு சொல்றீங்க? வார்டன் அந்த வீட்டுல குடியிருந்த காலத்துலேர்ந்து இந்த ஹாலு, குளியலறை, துவைக்கிற மிஷினு எல்லாமே இவரு வீட்டு மீட்டர்லதானே ஓடுது, அது தெரிஞ்சும் குளிர்காலம் பூரா ஒரு வார்த்தை முகம் சுளிக்காம எங்களுக்கு வாரி வாரி விட்ட மகராசன்மா இவரு!”